தடுமாற்றத்துக்கு ஒத்திகை

"இங்க விதிகளே கிடையாது" என்று பயிற்சியாளர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

சொல்லிவிட்டு, செருப்பு வெளியே, கைப்பேசி பைக்குள்ளே, கண்ணாடியைப் பார்க்கக் கூடாது, கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது, பக்கத்தில் ஆடுபவரைப் பார்த்து ஆடவே கூடாது என்றார். தாமதமாக வருபவர்களுக்குக் கதவு திறக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, தன்னை யாரும் சார் என்று அழைக்கக் கூடாது.

"நான் உங்களுக்கு எதையும் சொல்லிக் கொடுக்கப்போறதில்ல. நான் வெறும் வழிகாட்டி. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்" என்றது வகுப்பு.

அன்று மாலைக்குள் அவருக்கு 'வெறும் சார்' என்று பெயர் விழுந்துவிட்டது.

மரச்சாமான் கடை ஒன்றின் மாடியில் இருந்தது அந்தக் கூடம். தரை முழுக்கக் கறுப்பு விரிப்பு. சுவர்க் கண்ணாடியைத் திரை போட்டு மூடியிருந்தார்கள். கீழேயிருந்து வார்னிஷ் வாசனையும் ரம்பச் சத்தமும் ஓயாமல் வந்துகொண்டிருந்தன. "அந்த இரைச்சலும் இசைதான், அதை உள்ள வாங்கிக்கோங்க" என்பார் வெறும் சார். பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "கொஞ்ச நேரம் நிறுத்தித் தொலைங்கய்யா!" என்று கத்துவார்.

வகுப்பு இதுதான்: முன்கூட்டி எதுவும் யோசிக்காமல், அந்த நிமிடத்தில் உடம்புக்கு என்ன தோன்றுகிறதோ அதை ஆட வேண்டும். அவர் ஒரு வார்த்தை கொடுப்பார். 'ஜன்னல்' என்பார், 'பசி' என்பார். உடனே ஆட வேண்டும். பயிற்சி முடிவில் மேடை நிகழ்ச்சி. அதில் பார்வையாளர்கள் வார்த்தை கொடுப்பார்கள். யார் நன்றாக ஆடுகிறார்களோ, அவருக்கு வெறும் சாருடைய நடனக் குழுவில் நிரந்தர இடம். காலியாக இருந்தது ஒரே ஓர் இடம்தான்.

அந்த இடத்துக்காகத்தான் ஏழெட்டு வந்திருந்தாள்.

ஏழெட்டு என்பது அவள் பெயரல்ல. ஆடத் தொடங்கும் முன் அவள் உதடுகள் தானாக "ஏழு, எட்டு" என்று முணுமுணுக்கும். சின்ன வயதிலிருந்து எண்ணிக்கைக்கு ஆடிப் பழகியவள். ஒரு பள்ளியில் குழந்தைகளுக்கு ஆண்டுவிழா நடனம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வண்ணத்துப்பூச்சிகள், நட்சத்திரங்கள், காய்கறிகள். போன ஆண்டு ஒரு கத்தரிக்காய் மேடையிலேயே தூங்கிப்போனதும், அந்தக் கத்தரிக்காயின் அம்மா வந்து சண்டை போட்டதும் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். இடம் கிடைத்தால் நாட்டியக்காரி. கிடைக்காவிட்டால் நிகழ்ச்சி முடிந்த திங்கட்கிழமை மறுபடியும் காய்கறிகள்.

முதல் வகுப்பில் "ஏதாவது செய்" என்றார் வெறும் சார். அவள் நின்றாள். ஏதாவது என்றால் எது? அவள் உடம்பு எண்ணிக்கைக்காகக் காத்திருந்தது. எண்ணிக்கை வரவில்லை.

"நிக்கறதும் நடனம்தான்" என்று அவர் சொன்னார்.

மறுநாளும் நின்றாள்.

"நேத்து நின்னது நடனம். இன்னிக்கு நிக்கறது சும்மா நிக்கறது" என்றார்.

வகுப்பு சிரித்தது. அதிகம் சிரித்தவன் ரப்பர். எலும்பு வைக்க மறந்து படைத்துவிட்டார்களோ என்று சந்தேகப்பட வைக்கும் பையன். எந்த வார்த்தை கொடுத்தாலும் பாதி வார்த்தையிலேயே ஆடத் தொடங்கிவிடுவான். காலி இடம் அவனுக்குத்தான் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

ஏழெட்டு அன்று வீட்டுக்குப் போய், தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினாள். ஒத்திகை பார்க்கத் தொடங்கினாள்.

தங்கியிருந்தது அக்கா வீட்டில். அக்கா குழந்தைகளுக்கான உடைகளைத் தைத்துப் பார்சலில் அனுப்புகிறவள். அக்கா கணவர் கார் ஓட்டக் கற்றுக் கொடுப்பவர். கூடத்தில் பாதியைப் பார்சல்கள் அடைத்திருந்தன. மீதியில் ஏழெட்டு, யோசிக்காமல் ஆடுவது எப்படி என்று யோசித்து யோசித்து ஆடினாள். எங்கே தயங்குவது, எங்கே எதிர்பாராமல் தடுமாறுவது, எங்கே தன்னை மறந்து சிரிப்பது என்று எல்லாவற்றையும் வரிசைப்படுத்திக்கொண்டாள்.

மாமா சோபாவில் உட்கார்ந்து பார்ப்பார். அவள் அலமாரிப் பக்கம் சுழன்று போகும்போதெல்லாம் அவருடைய வலது கால் தரையில் இல்லாத பிரேக்கை மிதிக்கும்.

"திடீர்னு திரும்பணும்னுதானே சொன்னே? இது திடீர் இல்லம்மா."

"ஏன் மாமா?"

"நீ திரும்பப்போறேன்னு உன் தோள் முன்னாடியே சொல்லிடுது. இன்டிகேட்டர் போட்ட மாதிரி இருக்கு."

"மறுபடி செய்யறேன்."

"செய். அந்தத் தடுமாற்றம் நேத்து நல்லா வந்துச்சு. இன்னிக்குத் தடுக்கறதுக்கு முன்னாடியே விழறே."

அக்கா பார்சலுக்கு டேப் ஒட்டிக்கொண்டே, "ஊர்ல எல்லாரும் விழாம இருக்கப் பழகுவாங்க. என் வீட்டுல மட்டும் விழுறதுக்கு வகுப்பு நடக்குது. ஏய், அந்தப் பச்சை கவுனை மிதிச்சுடாதடி!" என்பாள்.

ஒரு சங்கடம் இருந்தது. வகுப்பில் என்ன வார்த்தை வரும் என்று தெரியாதே? கவலைப்படத் தேவையில்லை என்று சீக்கிரமே தெரிந்துபோனது. 'ஜன்னல்' என்ற வார்த்தைக்கு, வீட்டில் பழகிய ஆட்டத்தை அப்படியே ஆடினாள். வெறும் சார் கண்ணை மூடிக்கொண்டு, "எனக்கு ஜன்னல் தெரிஞ்சுது" என்றார். பத்துப் பதினைந்து நாள் கழித்து 'பசி' வந்தது. அதே ஆட்டம். "பாத்தீங்களா? பசியை வயித்துல வெக்காம முட்டியில வெச்சா!" என்றார்.

அவருக்குப் பழையது நினைவில்லை. அதுதான் அவருடைய பெருமையும். "நேத்து பாத்ததை நான் இன்னிக்கு ஞாபகம் வெச்சுக்கறதில்ல. அது பல வருஷப் பயிற்சி" என்பார். அந்தப் பயிற்சியின் பலனாகக் கூடத்தின் சாவியை வாரத்துக்கு ஒரு முறையாவது தொலைப்பார்.

"அடுத்து என்ன செய்யப்போறோம்னே தெரியாம ஆடறா பாருங்க, அதைக் கத்துக்கோங்க" என்று அவளைக் காட்டி மற்றவர்களுக்குச் சொன்னார். அடுத்த வியாழக்கிழமை வரை என்ன செய்யப்போகிறோம் என்று தெரிந்துவைத்திருந்த ஏழெட்டு, அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவளுடைய ஆட்டங்களில் சிறந்தது அக்காவின் டேப்பில் பிறந்தது. ஒரு நாள் பழுப்பு டேப் துண்டு ஒன்று அவள் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. உதறினாள், விடவில்லை. மறு கைக்கு மாறியது. மாமா சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதை வெச்சுக்கோ!" என்றார். உள்ளங்கையைப் பார்ப்பது, உதறுவது, உதறல் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கும் பிறகு தோளுக்கும் ஏறுவது, தடுமாறி உட்கார்வது, சத்தமில்லாமல் சிரிப்பது, கடைசியில் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுவிடுவது. எல்லாமாகச் சேர்த்துப் பழகினாள். வகுப்பில் அதை ஆடிய அன்று கிடைத்த வார்த்தை 'அம்மா'.

வெறும் சார் அழுதேவிட்டார்.

"அவ கையில ஒட்டியிருந்தது யாருன்னு தெரிஞ்சுதா?" என்று குரல் தழுதழுக்கக் கேட்டார். "மறுபடி செய்ம்மா. அப்படியே."

ஏழெட்டு உள்ளங்கையைத் தூக்கப் போனாள். சட்டென்று கீழே விட்டாள். அப்படியே திருப்பிச் செய்தால் குட்டு உடைந்துவிடும்.

"எனக்கு ஞாபகம் இல்ல சார்."

"பாருங்க! நிஜமா ஆடினவங்களுக்கு ஞாபகம் இருக்காது!" என்று அவர் பூரித்துப்போனார். "சரி, திருப்பிக் கொடுத்தல் பண்ணுவோம். யாருக்கு ஞாபகம் இருக்கோ, அவங்க இவளுக்குத் திருப்பிக் கொடுங்க."

அது அவர் வகுப்பின் வழக்கம். ஒருவர் ஆடியதைப் பார்த்த இன்னொருவர், ஆடியவருக்கே அதைக் கற்றுத் தர வேண்டும். ரப்பர் கையைத் தூக்கினான்.

ஏழெட்டு தன் நடனத்தையே இன்னொருவனிடம் கற்றுக்கொள்ளும் நிலைமைக்கு வந்தாள். அதையும் அவன் தப்புத் தப்பாகச் சொல்லிக் கொடுத்தான். மணிக்கட்டிலிருந்து நேராகத் தோளுக்குத் தாவினான். தடுமாறுவதற்கு முன்பே சிரித்தான். பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே செய்தாள். மூன்றாவது முறை பொறுக்க முடியவில்லை.

"முதல்ல முழங்கைடா! அப்புறம்தான் தோள். சிரிப்பு உக்காந்த பிறகு."

ரப்பர் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "ஞாபகம் இல்லேன்னீங்க அக்கா?"

"இப்ப வந்துடுச்சு."

"ஓ" என்றான். பிறகு ஒரு முறை ஆடினான். இம்முறை ஒரு விரல் கூடப் பிசகவில்லை. அவளே திருத்திக் கொடுத்தாயிற்றே.

நிகழ்ச்சிக்கு அந்த டேப் ஆட்டத்தையே வைத்துக்கொள்வது என்று ஏழெட்டு முடிவு செய்தாள். பார்வையாளர்கள் என்ன வார்த்தை கொடுத்தாலும் பொருந்தும். வெறும் சாருக்கு நினைவிருக்காது. அந்த மாதம் முழுவதும் மற்றதையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, அதை மட்டுமே தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினாள். தடுமாற்றம் கடைசியில் மாமாவுக்கே பிடித்துப்போனது. "இப்ப பாத்தா நானே எழுந்து வந்து பிடிச்சிருப்பேன்" என்றார். அதைவிடப் பெரிய சான்றிதழ் அவரிடம் கிடையாது.

நிகழ்ச்சி மாலையில் அரங்கு நிறைந்திருந்தது. அக்காவும் மாமாவும் மூன்றாவது வரிசையில். ஏழெட்டுக்கு முந்தைய முறை ரப்பருடையது. அவள் பக்கத்திரை மறைவில் கை கால்களை உதறியபடி நின்றாள். பக்கத்தில் வெறும் சார்.

"குளம்!" என்று யாரோ வார்த்தை கொடுத்தார்கள்.

ரப்பர் நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.

"என்ன ஒரு மௌனம்!" என்று வெறும் சார் கிசுகிசுத்தார். "குளத்தோட ஆழம் தெரியுது பாரு."

ஏழெட்டுக்குத் தெரிந்தது வேறு. ரப்பரின் ஆடுசதை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. பையனுக்குக் கூட்டத்தைப் பார்த்து எல்லாம் மறந்துபோயிருந்தது. அவள் மனசுக்குள் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, இடம் நமக்குத்தான் என்ற நினைப்பு இனித்தது.

ரப்பர் மெதுவாக உள்ளங்கையைத் தூக்கிப் பார்த்தான்.

உதறினான். உதறல் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்குப் போனது. முழங்கையிலிருந்து தோளுக்கு.

"அக்கா, இது உங்களோடதில்ல?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள். ரப்பர் தடுமாறினான். அரங்கம் 'ஐயோ' என்றது. அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து ஓர் ஆண் குரல், "ஏய், இது நம்மளோடது!" என்று கிளம்பி, யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தாற்போல் பாதியில் அடங்கியது.

ஒற்றைக் காலைத் தூக்கி நின்று ரப்பர் முடித்தபோது கைத்தட்டல் அடங்க நேரமானது. வெறும் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்த மாதிரி ஒண்ணை நான் பாத்ததே இல்ல" என்றார். அது பொய்யில்லை. அவரைப் பொறுத்தவரை அதுதான் உண்மை.

"போம்மா, உன் முறை."

அவளிடம் வேறு ஆட்டங்கள் இருந்தன. ஆனால் மூட்டை கட்டி வைத்தவை எதுவும் இப்போது கைக்கு வரவில்லை. ஒன்றின் தலையும் இன்னொன்றின் காலும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டிருந்தன. வெளிச்சத்துக்குள் வந்து நின்றாள்.

"மேஜை!" என்றது ஒரு குழந்தைக் குரல்.

உதடுகள் பழக்க தோஷத்தில் "ஏழு, எட்டு" என்றன. எட்டுக்குப் பிறகு என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் இடது கை எதற்கோ நீண்டது. எதற்கு என்று பார்க்க உடம்பு பின்னாலேயே போனது. முழங்கால் மடிந்தது. யாரோ அவள் மேல் பாரம் ஏற்றி வைத்ததுபோல் முதுகு தட்டையானது. அந்தப் பாரம் சரியாமல் நான்கு திசையிலும் நகர்ந்தாள். அடுத்து எங்கே போகப்போகிறோம் என்பது அவளுக்கே புதிராக இருந்தது. பயமாக இருந்தது. பயத்துக்குள்ளே, இத்தனை வருட எண்ணிக்கையில் ஒரு முறையும் கிடைக்காத ஒரு குறுகுறுப்பும் இருந்தது. எப்போது முடித்தாள் என்று தெரியாது. வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே வந்தபோது வியர்த்துக் கொட்டியது.

மரியாதைக்குக் கைத்தட்டினார்கள்.

வெறும் சார் உதட்டைப் பிதுக்கினார். "உன்கிட்ட இதை எதிர்பாக்கல. வீட்டுல நல்லாப் பழகிட்டு வந்து ஒப்பிச்ச மாதிரி இருந்துச்சு."

காலி இடம் ரப்பருக்குப் போனது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் காரை ஓட்டிக்கொண்டே மாமா, "உன் ஆட்டத்துல ஒண்ணும் சரியா இல்ல" என்றார். கொஞ்ச தூரம் போய், "ஆனா ஒரு இடத்துல கூட இன்டிகேட்டர் போடல" என்றார்.

"பேசாம ஓட்டுங்க" என்றாள் அக்கா. பிறகு தங்கையின் பக்கம் திரும்பி, "நாளைக்குப் போய் அந்த ஆள்கிட்ட உள்ளதைச் சொல்லிடு. நம்ம டேப்பை அவன் ஆடிட்டுப் போவான், நீ போய் கத்தரிக்காயைத் தூக்கத்துலேர்ந்து எழுப்பிட்டிருப்பியா?" என்றாள்.

சொல்வதில்தான் சிக்கல் இருந்தது. ரப்பர் திருடினான் என்று சொல்ல வேண்டுமானால், திருடுவதற்கு ஒரு பொருள் முன்பே இருந்தது என்று சொல்ல வேண்டும். யோசிக்காமல் ஆடியதாகச் சொன்னதெல்லாம் யோசித்து ஆடியது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ராத்திரி புரண்டு புரண்டு படுத்தாள். காலையில் போய் ஒப்புக்கொண்டாள்.

வெறும் சார் பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரித்தார்.

"பழகினா இப்படி வராதும்மா. பழக்கத்துல வர்றது எனக்குத் தெரியாதா? உன்னோட மேஜை பழக்கம். அவனோட குளம் நிஜம்."

"நான் இப்பவே ஆடிக் காட்டறேன் சார்."

"காட்டு."

காலிக் கூடத்தில் ஏழெட்டு ஆடினாள். உள்ளங்கை, மணிக்கட்டு, முழங்கை, தோள், தடுமாற்றம், சிரிப்பு, தூக்கிய கால். மாமா பார்த்திருந்தால் எழுந்து வந்து பிடித்திருப்பார்.

வெறும் சார் வாயைப் பிளந்தார். "அபாரம்! நேத்து அவன் ஒரே ஒரு தடவை ஆடினதை அப்படியே பிடிச்சு வெச்சிருக்கியே! நேத்து நடந்ததுல எனக்கே அந்த ஒண்ணுதான் ஞாபகம் இருக்கு."

"சார், இது என்னோட..."

"உனக்கு ஒரு வேலை இருக்கு. எங்க குழுவுல ஆடறவங்க என்ன ஆடினாங்கன்னு அவங்களுக்கே தெரியறதில்ல. அதை ஞாபகம் வெச்சு அவங்களுக்குத் திருப்பிக் கொடுக்க ஒரு ஆள் வேணும். மேடை ஏற வேண்டியதில்ல. ஓரமா உக்காந்தா போதும்."

"எனக்கு ஆடணும் சார்."

"ஆடறதுக்கு இடம் இல்லையேம்மா."

வெளியே வந்தாள். மாடிப்படியில் ரப்பர் உட்கார்ந்திருந்தான். இடம் கிடைத்தவன் முகமாக அது இல்லை. அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

"அக்கா, அடிக்கணும்னா அடிச்சுடுங்க."

"ஏன்டா அப்படிப் பண்ணினே?"

"வகுப்புல வருது அக்கா. ஆளுங்க பாத்தா வரல. நின்னேன், ஒண்ணுமே இல்ல. உடம்புல மிச்சம் இருந்தது உங்களோடது ஒண்ணுதான்." எச்சில் விழுங்கினான். "அடுத்த வாரம் வெளியூர் நிகழ்ச்சி இருக்காம். வேற ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

ஏழெட்டுக்குச் சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது. எது முதலில் வந்தது என்று சொல்வது கடினம்.

"நிறைய வெச்சிருக்கேன். ஆனா தனியா ஆடறதுக்குத் தர மாட்டேன்."

"அப்படின்னா?"

"உள்ள வா. நான் பேச மாட்டேன், நீதான் பேசணும்."

ரப்பர் உள்ளே போய், வெறும் சார் முன்னால் நின்று, கைகளைப் பிசைந்துகொண்டு சொன்னான்: "நான் தனியா ஆட மாட்டேன் சார். நேத்து எனக்கு அந்த நிமிஷம் வந்ததே, அக்கா பக்கத்துல நின்னதாலதான். இவங்க மேடையில இல்லேன்னா எனக்கு எதுவும் வராது."

அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

வெறும் சார் ஜன்னலைப் பார்த்தார். கீழே ரம்பம் ஓடியது. முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது. "இதைத்தான் நான் காலையிலேர்ந்து சொல்ல நினைச்சுக்கிட்டு இருக்கேன்" என்றார். "ஜோடி! ரெண்டு உடம்பு, ஒரே நிமிஷம். இடம் ஒண்ணுதான், ஆனா ஜோடியை நான் ஒண்ணாத்தான் பாப்பேன். ஆனா கண்டிப்பாச் சொல்லிடறேன், மேடைக்கு வெளியில ரெண்டு பேரும் ஆட்டத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசிக்கக் கூடாது. பேசினா நிஜம் போயிடும்."

"சரி சார்" என்றார்கள் இருவரும்.

"சார் வேண்டாம்."

"சரி சார்."

படியிறங்கும்போது ரப்பர் காதருகே வந்து, "எதிர்பாராம மோதிக்கற மாதிரி ஆரம்பிக்கலாமா? முதல்ல யாரு மேல யாரு மோதறது அக்கா?" என்றான்.

"கதவு திறந்திருக்கு, சார் காதுல விழும். கீழ போ, வர்றேன்."

அவள் படியிலேயே நின்று பள்ளித் தலைமை ஆசிரியைக்குப் போன் செய்தாள்.

"திங்கட்கிழமை வந்துடுவீங்கல்ல?" என்றார் அந்த அம்மாள் எடுத்த எடுப்பில். "இந்த வருஷம் பழங்கள். தர்பூசணிக்கு மட்டும் ரெண்டு பிள்ளைங்க போட்டி போடுது."

"வர முடியாது மேடம். எனக்கு வேற வேலை கிடைச்சிருச்சு."

"அப்படியா? ரொம்ப சந்தோஷம். என்ன வேலை?"

"மேடையில ஆடற வேலை மேடம். முன்னாடியே எதுவும் யோசிக்காம, அப்பப்ப தோணறதை ஆடணும்."

"தோணறதை ஆடறதுக்கு எதுக்கும்மா இவ்வளவு மாசம் பயிற்சிக்குப் போனீங்க?"

ஏழெட்டு வாயைத் திறப்பதற்குள், கீழே மரச்சாமான்களுக்கு நடுவே இடம் பிடித்துவிட்ட ரப்பர், அண்ணாந்து பார்த்துக் கூப்பிட்டான்.

"அக்கா, சீக்கிரம் வாங்க! இந்தப் பீரோவை எடுத்துட்டுப் போறதுக்குள்ள, இது மறைவுல ஒரு தடவை மோதிப் பாத்துடலாம்!"